தம்பியின் பங்கு

அந்தப் பொய்யை முதன்முதலாகச் சொன்னபோது அது பொய் என்றே வதனிக்குத் தோன்றவில்லை. "சத்துப் பசை முழுக்கச் சின்னவனுக்குத்தான் குடுத்தீங்க, என்ன வதனியக்கா?" என்று றொவீனா கேட்டாள். கேள்வியே பாதிப் பதிலைச் சுமந்துகொண்டுதான் வந்தது. மீதியை வதனி சொன்னாள். "ஓம் மிஸ்."

மண்டூருக்கு அப்பால், படுவான்கரையில், மட்டக்களப்பு வாவியை ஒட்டிய சின்ன ஊர் அது. அந்த வாவியை அங்கே எல்லாரும் ஆறு என்றுதான் சொல்வார்கள். வதனியின் புருஷன் திவாகரன் ஆற்றில் வலை வீசுபவன். முன்பெல்லாம் வெள்ளாமை வெட்டுக் காலத்தில் வயல் வட்டைக்குக் கூலிக்குப் போவான். வெட்டுகிற மெசின் வந்த பிறகு அதுவும் இல்லை. சாமான் விலை ஏறத் தொடங்கியபோது அவர்கள் வீட்டில் முதலில் பால்மா இல்லாமற் போனது, பிறகு முட்டை, பிறகு பருப்பு. மீன்பிடிக்கிறவன் வீட்டில் மீனாவது இருக்கும் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். மீனை விற்றால்தான் அரிசி என்பது அவர்களுக்குத் தெரியாது. வீட்டில் மூன்று பிள்ளைகள். பள்ளிக்கூடம் போகிற தனோஜன், நாலு வயது மிதுர்ஷா, ஒரு வயது கடந்தும் பிடித்துக்கொண்டு நிற்கக்கூடப் பலம் இல்லாத யதுர்ஷன்.

யதுர்ஷனுக்காகத்தான் றொவீனா வந்தாள். வறுமைப்பட்ட வீடுகளில் நிறை குறைந்து பிறக்கிற பிள்ளைகள் சத்துப் பசை தின்றால் மற்றப் பிள்ளைகளை எட்டிப் பிடிப்பார்களா என்று பார்க்க மட்டக்களப்பு டவுனில் ஓர் ஆய்வுக் குழு இருந்தது. கச்சான் கடலையும் பால்மாவும் சீனியும் சேர்த்து அரைத்த பசை, சின்னச் சின்ன வெள்ளிப் பக்கற்றுகளில் வரும். செவ்வாய்க்கிழமைகளில் றொவீனா தன் ஸ்கூட்டியைப் பாதை என்கிற மிதவைப் படகில் ஏற்றி ஆற்றைக் கடந்து வருவாள். ஒரு கிழமைக்கான பக்கற்றுகளைக் கொடுப்பாள், பிள்ளையை நிறுப்பாள், கேள்விகள் கேட்டுத் தாளில் குறித்துக்கொள்வாள். டவுனில் பழைய பறங்கிக் குடும்பமொன்றின் பிள்ளை. கதிரை இல்லை என்று வதனி கூசி நின்ற முதல் நாளே பாயில் சப்பணம் கட்டி உட்கார்ந்துவிட்டாள். கொடுத்த வெறும் தேத்தண்ணியை மிச்சம் வைக்காமல் குடித்தாள். அப்படி ஒருத்தி தன் வீட்டைத் தேடி வருவது வதனிக்குப் பெருமையாக இருந்தது. அந்த நாளில் முற்றத்தை இரண்டு தரம் கூட்டுவாள்.

முதற் கிழமை பசை முழுவதையும் யதுர்ஷன்தான் தின்றான். மிதுர்ஷா வெறும் பக்கற்றுகளைப் பொறுக்கிக்கொண்டு போய், கத்தியால் பிளந்து, உட்பக்கம் பளபளக்கும்வரை நக்குவாள். அதைக் கண்ட பிறகு வதனிக்கு மனம் கேட்கவில்லை. அடுத்த கிழமை மகளின் விரல் நுனியில் கொஞ்சம் பிதுக்கிவிட்டாள். தனோஜன் கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் ஏசித் துரத்தியிருப்பாள். தம்பி தின்னும் நேரத்தில் அவன் புத்தகத்தை விரித்துவைத்து, சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பான். அந்தக் கேட்காமைதான் அவளைத் தோற்கடித்தது. சில நாட்களில் ஒவ்வொரு பக்கற்றும் மூன்றாகப் பிரிந்தது. மூன்றிலும் பெரியது சின்னவனுக்குத்தான் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். மிதுர்ஷா அழுத நாட்களில் அதுவும் உண்மை இல்லை. இதெல்லாம் திவாகரன் ஆற்றில் நிற்கும் நேரத்தில் நடந்தது. அவனுக்குத் தெரியாது.

இன்னும் ஒன்று இருந்தது. அதை அவள் தனக்குள்ளும் சொல்லிப் பார்த்ததில்லை. ஒரு பகல், இருந்த சோற்றைப் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு, குழாயடியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தபோது கண் இருண்டு வந்தது. குடத்தை எப்படியோ வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தாள். பிறகு குசினிக்குப் பின்னால் நின்று ஒரு பக்கற்றை வாயால் கிழித்து முழுவதையும் உறிஞ்சி விழுங்கினாள். விழுங்கி முடிந்த பிறகுதான் என்ன செய்தோம் என்று தெரிந்தது. வெறும் பக்கற்றைச் சாம்பலுக்குள் புதைத்தாள், உமிக்கரி போட்டு வாயைத் தேய்த்தாள். உள்ளே வந்து பால் கொடுக்கச் சின்னவனைத் தூக்கியபோது அவன் மார்பைத் தேடவில்லை. அவள் வாயருகே மூக்கை வைத்து மணந்து, உதட்டைப் பிரித்து உள்ளே விரலைவிட்டான்.

தராசு ஏறவில்லை. றொவீனா ஒவ்வொரு தரமும் பிள்ளையை இறக்கி, திரும்ப ஏற்றி நிறுத்துப் பார்த்தாள். வயிற்றாலை போகிறதா, சத்தி எடுக்கிறானா, காய்ச்சல் வந்ததா என்று கேட்டாள். இல்லை, இல்லை என்று வதனி உண்மையைச் சொன்னாள். பசை முழுவதும் தின்கிறானா என்ற கேள்வி வரும்போது மட்டும் அதே ஓம். இத்தனை ஓமுக்குப் பிறகு ஓர் இல்லையைச் சொல்வதற்கு வாய் வரவில்லை. சொன்னால் பக்கற் நின்றுவிடும் என்ற பயமும் இருந்தது. அதைவிட, பாயில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்த இந்தப் பெண் தன்னைக் கள்ளி என்று நினைப்பாளே என்பதுதான் பெரிய பயம்.

கடைசியில், தின்பது உடம்பில் ஒட்டாத ஏதோ நோய் வருத்தம் இருக்கலாம், ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று குழுவில் முடிவு செய்தார்கள். றொவீனா அதை வந்து சொன்னபோது நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். வதனி அதை அப்போது கவனிக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் திவாகரன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பாதையில் நின்றபடி, கண்ணகை அம்மனுக்கு நேர்த்தி வைத்தான். அவனுக்குப் பக்கத்தில் நின்ற வதனி ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகள் வாட்டில் அடுத்த கட்டிலில் ஏறாவூர் அஸீமா இருந்தாள். மகனுக்கு இருதயத்தில் ஓட்டை. அவள் தன் பிளாஸ்க்கிலிருந்து வதனிக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். உன் பிள்ளைக்கு என்ன வருத்தம் என்று கேட்டாள். இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்று வதனி சொன்னாள். பாவம் என்று அஸீமா துஆ கேட்டபோது வதனி தேத்தண்ணியைக் குடிக்காமல் கீழே வைத்தாள்.

யதுர்ஷனுக்கு நரம்பு கிடைப்பது கஷ்டமாக இருந்தது. முதலில் கையில் குத்தினார்கள், பிறகு புறங்கையில், பிறகு காலில். பிள்ளையின் தோளை அமத்திப் பிடிப்பது வதனியின் வேலை. அவன் தாதியைப் பார்த்து அழவில்லை. தன்னைப் பிடித்துவைத்திருக்கிற தாயைப் பார்த்துத்தான் அழுதான். டொக்டர் பதியுதீன் அமைதியான மனிதர். வீட்டில் பசை ஒழுங்காகக் கொடுத்தீர்களா என்று அவரும் கேட்டார். சுற்றிவர டொக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் வெள்ளைக் கோட்டோடு நின்றார்கள். வதனி "ஓம்" என்றாள். அப்படியானால் இன்னும் சில சோதனைகள் வேண்டும் என்றார்.

அன்று பகல் முழுவதும் அவள் பிள்ளையின் காலில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இல்லாத வருத்தத்தைத் தேடி எவ்வளவு இரத்தம் எடுப்பார்கள் என்று யோசித்தாள். உடம்பில் இருப்பதே கொஞ்சம்.

மறுநாள் தாதி தட்டோடு வந்தபோது வதனி பிள்ளையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு எழும்பி நின்றாள். காலைப் பிடியுங்கள் அம்மா என்று தாதி சொன்னாள். வதனி பிடிக்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் நின்ற டொக்டர் திரும்பிப் பார்த்தார்.

"குத்தாதீங்க டொக்டர்," என்றாள் வதனி. "புள்ளைக்கு ஒரு வருத்தமும் இல்ல. பசைய நான் அவனுக்கு முழுசாக் குடுக்கல்ல."

வாட் முழுவதும் கேட்கும்படி சொல்லவேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. ஆனால் குரல் அப்படித்தான் வந்தது. தாதியின் கை தட்டில் நின்றுவிட்டது. டொக்டர் கிட்ட வந்து, கோபமில்லாத குரலில், வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார்.

"மூண்டு."

"மற்ற ரெண்டு பேருக்கும் வேற என்ன இரிக்கு சாப்பிட?"

வதனி பிள்ளையை இன்னும் இறுக்கி அணைத்தாள். டொக்டர் கொஞ்சநேரம் பிள்ளையின் காலைப் பார்த்தார். பிறகு படிக்கிற பிள்ளைகளின் பக்கம் திரும்பி, "பசிக்கு ஊசி குத்திப் பாத்திரிக்கம்," என்றார். அவர் யாரைக் குறித்து அதைச் சொன்னாரோ, வதனி தன்னைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டாள். அந்தப் படிக்கிற பிள்ளைகளில் ஒருத்தி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றதை மட்டும் அவள் பிறகும் மறக்கவில்லை.

அன்றிலிருந்து தாதிமாரே பசையை வைத்துக்கொண்டு, நேரத்துக்கு நேரம் தங்கள் கண்முன்னால் ஊட்டச் சொன்னார்கள். வதனி ஊட்டுவாள், தாதி நின்று பார்ப்பாள், முடிந்த பக்கற்றைப் பிதுக்கிப் பார்த்துவிட்டுப் போவாள். யதுர்ஷன் தின்றான். சில நாட்களிலேயே அவன் கண் துலங்கியது. கட்டில் கம்பியைப் பிடித்து எழும்பி நின்றான், அஸீமாவின் மகனைப் பார்த்துச் சிரித்தான். தராசு ஏறிக்கொண்டே போனது. பிள்ளை தேறுவதைப் பார்த்து எந்தத் தாயும் வெட்கப்பட்டிருக்க மாட்டாள். வதனி பட்டாள். அவன் நிற்கிற ஒவ்வொரு தரமும், வீட்டில் இவ்வளவு நாளும் ஏன் நிற்கவில்லை என்பதை எல்லாருக்கும் எடுத்துச் சொல்வதுபோல இருந்தது. அஸீமா முன்போலவே தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். ஆனால் என்ன ஏது என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். பார்க்க வந்த சொந்தக்காரப் பெண்களிடம் தணிந்த குரலில் எதையோ சொன்னபோது, அவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை திவாகரன் மற்ற இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தான். யதுர்ஷனுக்கு ஊட்டுகிற நேரம் அது. வதனி பக்கற்றைக் கையில் பிடித்தபடி இருந்தாள், தாதி பக்கத்தில் நின்றாள். மிதுர்ஷா கட்டிலருகே வந்து, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். யாரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை. அவளாகவே, "எனக்கு வேணாம். அது தம்பிட," என்றாள். சொல்லிவிட்டு எச்சிலை விழுங்கினாள்.

தாதி யன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். அஸீமா தன் பெட்டியிலிருந்து இரண்டு பிஸ்கற் எடுத்து நீட்டினாள். தனோஜன் வாங்கவில்லை. மிதுர்ஷா தாயின் முகத்தைப் பார்த்தாள். வாங்கு என்று தலையசைக்க வதனிக்கு எவ்வளவு நேரமானதோ தெரியாது.

திவாகரனுக்கு எல்லாம் அப்போதுதான் விளங்கியது. பிள்ளைகளை வெளியே வராந்தாவில் இருத்திவிட்டு வந்து நின்றான். ஏசுவான் என்று வதனி நினைத்தாள். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எனக்கிட்ட ஒரு சொல்லுச் சொல்லி இரிக்கலாமே, வதனி."

"சொல்லி நீங்க என்ன செய்யிற?" என்று அவள் கேட்டாள். குத்துவதற்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டாள். ஆனால் அவன் முகம் அறை வாங்கியதுபோல ஆனது. பாதை நின்றுவிடும், நேரத்தோடு போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டு அவன் கிளம்பினான். வெயில் இன்னும் தாழவே இல்லை.

றொவீனா வந்தது அதற்குப் பிறகு. தூரத்தில் அவளைக் கண்டதுமே வதனி எழும்பி, கலைந்திராத கட்டில் விரிப்பை இழுத்துச் சரிசெய்தாள். றொவீனா யதுர்ஷனின் கன்னத்தைத் தொட்டாள். பிறகு, குழு சொன்னதைச் சொன்னாள். யதுர்ஷனை ஆய்விலிருந்து எடுத்துவிட்டார்கள். இனி அவனுக்கு வேண்டிய பசை கிளினிக் மூலம் கிடைக்கும், டொக்டர் எழுதிவிட்டார். மற்ற வீடுகளிலும் விசாரிக்கப்போகிறார்கள். வதனி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று வாயைத் திறந்தபோது றொவீனா முந்திக்கொண்டாள்.

"மிதுர்ஷாட வாயில பசை ஒட்டியிருந்தத நான் ரெண்டாம் கிழமையே கண்டன் வதனியக்கா."

வதனி விரிப்பிலிருந்து கையை எடுத்தாள்.

"கண்டும் காணாத மாதிரி ஓம் எண்டு போட்டுட்டுப் போனன். இல்லயெண்டு போட்டா உங்கட வீட்ட ஆய்வில இருந்து வெட்டிருவாங்க எண்டு நினைச்சன். அது மட்டுமில்ல. எனக்குத் தந்த வீடுகள் குறைஞ்சா என்ட வேலையும் கேள்விதான். இவன இஞ்ச அனுப்பக்குள்ளயும் நான் வாய் திறக்கல்ல. ஊசி குத்தக்குள்ளயும் திறக்கல்ல."

கோபம் வரவேண்டிய இடம் அது. வதனிக்குக் கோபம் வரவில்லை. தான் மட்டும்தான் இந்த வெட்கத்தைச் சுமக்கிறோம் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள். இன்னொருத்தியும் சுமக்கிறாள் என்று தெரிந்தபோது பாரம் குறையும் என்று எதிர்பார்ப்போம், அது குறையவில்லை. ஆனால் பேசுவதற்கு வாய் வந்தது.

"ஒரு நாள் நானும் திண்டன் மிஸ்," என்றாள். "ஒரு பக்கற் முழுக்க. குசினிக்குப் பின்னால நிண்டு திண்டன். புள்ள என்ட வாய மணந்து பாத்தான்."

றொவீனா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். பிறகு, "அண்டைக்குக் காலம நீங்க வேற என்ன சாப்பிட்டிருந்தீங்க?" என்று கேட்டாள்.

இத்தனை மாதங்களில் அவள் கேட்ட கேள்விகள் எல்லாம் பிள்ளையின் வாயைப் பற்றியும் வயிற்றைப் பற்றியும் இருந்தன. இது புதிது. பதில் சொல்லப் பழக்கமில்லாததால் வதனி கொஞ்சம் யோசித்தாள்.

"சோத்துத் தண்ணி," என்றாள்.

யதுர்ஷன் ஊருக்குத் திரும்பியபோது இரண்டு கையையும் பிடித்தால் நடந்தான். அதைப் பார்த்து மகிழ ஊரில் யாரும் வரவில்லை. குழுவிலிருந்து இரண்டு பேர் வந்து வீடு வீடாகக் கேட்டார்கள். ஏறக்குறைய எல்லா வீட்டிலும் பங்கு போட்டுத்தான் கொடுத்திருந்தார்கள். எங்கேயும் ஒரு தாய் ஒரு பிள்ளையை மட்டும் பார்த்துக்கொண்டு மற்றதைப் பார்க்காமல் இருக்கவில்லை. அந்த ஊரில் ஆய்வை நிறுத்திவிட்டார்கள். வேறு ஊரில் தொடங்கும்போது வீட்டிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்கவேண்டும் என்று பேச்சு இருப்பதாக றொவீனா பிறகு ஒருநாள் வந்து சொன்னாள். வேறு ஊரில்.

குழாயடியில் பெண்கள் வதனியைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். அடுத்த வீட்டு வளவு அன்னப்பூரணி மட்டும் நிறுத்தாமல், அவள் காதில் விழும்படியே சொன்னாள்: "உண்மை பேசிட்டு வந்திட்டா. மத்தவங்கட புள்ளைகள் என்ன திங்கிற?" அன்னப்பூரணிக்கும் பசை வாங்கிய சின்னவன் ஒருத்தன் இருந்தான், மூத்தவள் ஒருத்தியும் இருந்தாள். வதனி குடம் நிரம்புமுன்பே எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

கிளினிக்கிலிருந்து யதுர்ஷனுக்கு மட்டும் பசை வந்தது. அவனுக்கு ஊட்டும் நேரத்தில் தனோஜன் யாரும் சொல்லாமலே தங்கச்சியின் கையைப் பிடித்து ஆற்றங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போவான். வதனி கதவைச் சாத்திவிட்டு ஊட்டுவாள். கதவைச் சாத்துகிற அந்த நேரம்தான் நாளிலேயே அவளுக்குக் கஷ்டமான நேரம். வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை.

மாதாந்தக் கிளினிக் பள்ளிக்கூடத்து மண்டபத்தில் நடந்தது. சின்னவன் பிறந்த பிறகு வதனி மிதுர்ஷாவை அங்கே கொண்டுபோனதில்லை. வேலை என்று சொல்லிக்கொண்டாள். தராசு என்ன சொல்லும் என்று தெரிந்துதான் கொண்டுபோகவில்லை. இந்தத் தரம் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போனாள். வரிசையில் நின்ற பெண்கள் இடம் விட்டு விலகி நின்றார்கள். மருத்துவமாது யதுர்ஷனை நிறுத்து, நன்றாக ஏறியிருக்கிறான் என்று சந்தோஷமாகச் சொன்னாள். வதனி அவனை இறக்கிவிட்டு நகராமல் நின்றாள்.

"மிஸ், இவளையும் நிறுங்க."

மிதுர்ஷா தராசில் ஏறி, அசையக்கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மருத்துவமாது முள்ளைப் பார்த்தாள், குனிந்து திரும்பவும் பார்த்தாள். வயது என்ன என்று இரண்டு தரம் கேட்டாள். சின்னவன் பிறந்ததிலிருந்து ஏன் இவளைக் கொண்டுவரவில்லை என்றும் கேட்டாள். மண்டபம் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. வதனியின் காது மடல் சுட்டது.

"வெக்கமா இருந்திச்சு மிஸ்," என்றாள்.

மருத்துவமாது மேலே எதுவும் கேட்கவில்லை. மிதுர்ஷாவின் பெயரையும் எழுதிக்கொண்டு, இவளுக்கும் சத்துணவு கேட்டு அனுப்புகிறேன், வருமா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஆனால் கேட்பேன் என்றாள். வதனி மகளைத் தராசிலிருந்து தூக்கி இறக்கி, யாரையும் பார்க்காமல் சுவரோரம் போய் நின்றாள்.

வரிசையில் அடுத்தது அன்னப்பூரணி. இடுப்பில் சின்னவன் இருந்தான். அவள் அவனை இறக்கவில்லை. பின்னால் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற மூத்தவளை முன்னுக்கு இழுத்து, காலிலிருந்த செருப்பைக் கழற்றச் சொன்னாள். வதனியின் பக்கம் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மூத்தவள் தராசில் ஏறினாள்.